மலையுச்சிக்கு ஒரு பாட்டில் டோரண்டோ ஒயின்

இத்தாலிக்குப் போகிறவர்கள் தேவாலயம் பார்ப்பார்கள், சிலை பார்ப்பார்கள், சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் போனது ஒரு கிழவரின் மூஞ்சியைப் பார்த்துவிட்டு வர. அனுப்பியவர் டோரண்டோவில் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் டொமினிக். கையில் ஒரு பாட்டிலையும் திணித்து அனுப்பினார்.

ரோமுக்கு அனுப்பியது என்னவோ ஆபீஸ்தான். அங்கே ஒரு தொழிற்சாலையில் எங்களுக்காகச் செய்து வைத்திருந்த பம்பு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடியது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எதுவுமில்லை. என் மனைவி கமலா, "நீங்க பம்பு பாருங்க, நான் ரோம் பாக்கறேன்" என்று ஊறுகாய், பருப்புப்பொடி சகிதம் கூடவே கிளம்பிவிட்டாள். டொமினிக்கின் சொந்த ஊர் ரோமுக்குக் கிழக்கே ஏதோ மலையுச்சியில் இருக்கிறது என்று தெரிந்திருந்தும், நாங்கள் இத்தாலி போகும் செய்தியை அவர் காதில் போட்டது யார் என்றால் நான்தான். வாய் சும்மா இருந்தால்தானே.

டொமினிக்குக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். எழுபதுகளின் டோரண்டோவில் வாடகை வீடு தேடுவது ஒரு மாயாஜாலக் காட்சி. போனில் கேட்டால் வீடு காலியாக இருக்கும். நேரில் போய் என் முகத்தைக் காட்டியதும் அந்த நிமிஷமே நிரம்பிவிடும். செயின்ட் கிளேர் தெருவுக்குப் பின்னால் தன் வீட்டு மாடியைத் திறந்துவிட்டு, "சமைச்சா வாசனை வருமா? வரட்டும், எங்க வீட்டிலயும் வரும்" என்ற ஒரே மனிதர் டொமினிக். அதனால் அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

தலையாட்டலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் என் மானத்தை வாங்கப்போவது அதுதான். நாம் ஆட்டும் ஆட்டு, 'ஆமாம்' இல்லை, 'இல்லை' இல்லை. 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்', 'நீங்கள் சொன்னால் சரி', 'பார்க்கலாம்', 'ஆளை விடுங்கள்' எல்லாம் அதற்குள் இருக்கிறது. குடிவந்த முதல் குளிர்காலத்தில் டொமினிக், "பனி விழுந்தா வாசலை நீ தள்ளிடுறியா, இஞ்சினியர்?" என்று கேட்டார். நான் ஆட்டினேன். நான் சொன்னது 'பார்க்கலாம்'. அவர் எடுத்துக்கொண்டது சத்தியப் பிரமாணம். அந்த வருஷம் முழுக்கப் பனி தள்ளியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே வருஷம் நவம்பரில் ஒரு காலை, கமலா ஜன்னலோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "என்னங்க, இங்க வாங்க. இவரு யாரையோ புதைக்கிறாரு." கொல்லையில் நீளமாய்க் குழி. டொமினிக்கும் அவர் மனைவி ரோசாவும் கோணியில் சுற்றிய எதையோ மெதுவாய்ச் சாய்த்து உள்ளே படுக்கவைத்தார்கள். மேலே பலகை, அதற்குமேல் மண். போலீஸைக் கூப்பிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது ரோசா எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். அது அத்திமரம். கனடாக் குளிரில் நின்றால் செத்துவிடும் என்று வருஷா வருஷம் உயிரோடு புதைத்து, வசந்தத்தில் தோண்டி எடுத்து நிமிர்த்துகிறார்கள். இந்த ஊருக்கு வந்த எல்லாரும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறோம், ஆனால் எங்களைத் தோண்டி எடுக்க யாரும் வருவதில்லை.

அந்தக் கொல்லைக்குப் பக்கத்தில் கார் நிற்க வேண்டிய கொட்டகையில்தான் டொமினிக்கின் ஒயின் தொழிற்சாலை. கலிபோர்னியாவிலிருந்து மரப்பெட்டியில் வரும் திராட்சையை அங்கே பிழிவார். கார் பனியில் நிற்கும், பீப்பாய்கள் கதகதப்பாய் இருக்கும். அங்கிருந்துதான் என் கைக்கு அந்தப் பாட்டில் வந்தது.

"என் அண்ணன் அந்தோனியோகிட்ட கொடு," என்றார். "எதுவும் பேசாதே. அவன் குடிக்கட்டும். மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாரு. அதை வந்து எனக்குச் சொல்லு."

கதை பழையது. டொமினிக் கப்பலேறியபோது அண்ணன், "அந்த ஐஸ் கட்டியிலே உனக்கு வினிகர்கூடக் கிடைக்காது" என்றாராம். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அப்பா செத்தபோது டொமினிக்கால் போக முடியவில்லை. அண்ணன், "அவன் தானா வந்து நிக்கிற வரைக்கும் நான் கூப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். தம்பி, "அவன் வாயால கூப்பிடுற வரைக்கும் நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அப்புறம் இரண்டு பேரும் வாயைத் திறக்கவேயில்லை. எங்கள் மதுரைப் பக்கத்துப் பங்காளிச் சண்டையே உலகத்தில் பெரியது என்று நினைத்திருந்தேன். நம் ஆட்கள் குறைந்தபட்சம் கோர்ட்டிலாவது முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

முதல் நாள் ரோமிலிருந்து மலை தாண்டி ஒரு சந்தை ஊருக்குப் பஸ். அங்கிருந்து மொந்தேகூபோ என்ற அந்தக் கிராமத்துக்கு இன்னொரு பஸ். இந்த இரண்டாவது பஸ்ஸை யார் செய்தார்களோ, அவர்களுக்கு மலை என்றால் என்னவென்று யாரும் சொல்லியிருக்கவில்லை. மூன்றாவது வளைவிலேயே முன்பக்கம் ஆவி கிளம்பியது. டிரைவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் இறங்கி, சாலையோரம் ஒரு வீட்டுக்குள் போனார். அது அவருடைய அக்கா வீடாம். இஞ்சினும் ஆறியது, அவர் காப்பியும் ஆறியது. டோரண்டோவில் டிராம் தாமதமானால் எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். இங்கே எல்லாரும் இறங்கி அக்காவின் கொடியில் பந்தலாய்த் தொங்கிய திராட்சையைத் தின்றார்கள். நானும் தின்றேன், குறை சொல்வதற்கில்லை.

பாட்டில் என் மடியில் கைக்குழந்தையாய் இருந்தது. எதிரே கோழிக்கூடையோடு இருந்த ஒரு அம்மாள் அதைக் காட்டி என்னவென்று சைகையில் கேட்டாள். "வீனோ. கனடா," என்றேன். பஸ் ஒட்டுமொத்தமாய்ச் சிரித்தது. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பாட்டில் கைமாறிக் கைமாறிப் பின்சீட்டு வரை போய், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கப்பட்டு, தக்கையோரம் முகரப்பட்டுத் திரும்பி வந்தது. எல்லாரும் என்னை எழவு வீட்டுக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

கிராமத்தைச் சுற்றி இடைக்காலத்து மதில். உள்ளே போக ஒரே வாசல். கோட்டை கட்டியவன் எதிரி வரக்கூடாது என்று கட்டினான், அதனால் பஸ்ஸும் வர முடியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்படி ஏறினோம். கமலா பாதியில் உட்கார்ந்துவிட்டாள். "பழனின்னா ஏறினதுக்குப் பஞ்சாமிர்தமாவது கொடுப்பாங்க," என்றாள். மேலே ஒரு கோபுரம், ஒரு சர்ச், ஒரு சதுக்கம். சதுக்கத்தில் கிணற்றுமேடையைச் சுற்றித் தொப்பி போட்ட ஆண்கள். எழுநூறு வருஷம் இருக்குமாம் அந்தச் சுவர்கள். எங்கள் தெருமுனையில் நூறு வயசு ஆன செங்கல் வீடு ஒன்றுக்குப் பித்தளைத் தகடு அடித்து வேலி போட்டிருக்கிறார்கள். இங்கே அதைப்போல் பலமடங்கு வயசான கட்டடத்தில் கழுதை கட்டியிருந்தார்கள். கழுதைக்கு அதில் பெருமை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தோனியோவின் வீட்டை விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. "தொமெனிகோ, டோரண்டோ" என்று டொமினிக்கின் ஊர்ப்பெயரைச் சொன்னேன். தொப்பிக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து கூடவே வந்தார்கள்.

கதவைத் திறந்தவர் டொமினிக்கையே அடித்து நீட்டிய மாதிரி இருந்தார். அதே மூக்கு, அதே முறைப்பு. எனக்குத் தெரிந்த இத்தாலியன், ஆமாமுக்கு 'சி', நன்றிக்கு 'கிராத்சியே' இரண்டுதான். அதனால் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்து வெகுநேரம் பார்த்தார். சீட்டு எதுவும் ஒட்டியிராத பாட்டிலில் என்ன படிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு அதை அடுப்பு மாடத்தில் நிறுத்திவிட்டு, எங்களை உள்ளே வரச்சொல்லிக் கையை ஆட்டினார்.

திறக்கவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் திறக்கவில்லை. எனக்கு மூஞ்சி வேண்டும். மூஞ்சியோ பாட்டிலைத் திரும்பியும் பார்க்காமல் எனக்குத் தன் ஒயினை ஊற்றிக்கொண்டிருந்தது. நான் வளர்ந்த ஊரில் குடிக்கப் பர்மிட் வேண்டும். டோரண்டோவில் அரசாங்கக் கடையில் சீட்டு எழுதிக் கொடுத்தால், மருந்துக்கடை மாதிரி உள்ளேயிருந்து பழுப்புப் பையில் சுற்றிக் கொடுப்பார்கள், வாங்கியவன் தலைகுனிந்து வெளியே போவான். இங்கே கமலா தண்ணீர் கேட்டாள், உடனே அந்தோனியோவின் மனைவி லூசியா அவள் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

நான் மூன்றாவது கோப்பையை நீட்டியபோது கமலா தமிழில் கேட்டாள். "மரியாதைக்குக் குடிக்கிறேன்னு சொன்னீங்களே, மரியாதை கொஞ்சம் ஜாஸ்தியாப் போகுதோ?"

"வீட்டுக்காரரோட அண்ணன். மறுக்க முடியுமா?"

"மறுக்க வேணாம். கோப்பையை நீட்டாமலாவது இருக்கலாம்ல."

மாமிசம் சாப்பிட மாட்டோம் என்பதைக் கோழி மாதிரி கத்திக் காட்டி, கையால் 'வேண்டாம்' என்றேன். லூசியாவுக்குப் புரிந்தது. கோழியை எடுத்துவிட்டுப் பன்றியை வைத்தாள். கடைசியில் கமலா பெட்டியைத் திறந்து பருப்புப்பொடியை எடுத்தாள். அந்த ஊர் ஆலிவ் எண்ணெயை அதில் ஊற்றிக் குழைத்து ரொட்டியில் தடவினோம். லூசியா ஒரு துண்டு தின்றுவிட்டு இருமினாள், கண்ணைத் துடைத்தாள், இன்னொரு துண்டு கேட்டாள். நல்லெண்ணெய்க்கு அடுத்தபடி பருப்புப்பொடிக்கு ஏற்ற எண்ணெய் அதுதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

இரண்டாம் நாள் காலையில் அந்தோனியோ என்னைத் திராட்சைத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். மலைச்சரிவு முழுக்கக் கொடி, கருநீலக் குலைகள், அறுவடைக்குச் சில வாரமே இருந்தது. அவர் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித் தடவி ஒவ்வொரு குலையையும் எடைபோட்டார். வரப்பில் ஒரு தடவை தடுக்கி என் தோளைப் பிடித்துக்கொண்டார். கிழவனார் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

மத்தியானம் பாட்டிலைத் திறந்தார். அதற்கென்றே தொப்பிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்து சுவரோரம் நின்றுகொண்டார்கள். பாதிரியாரும் வந்தார். தக்கை வெளியே வந்தது. நான் நாற்காலியை நகர்த்தி, மூஞ்சி நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்தேன்.

முதல் மடக்கு. பிஞ்சுப் புளியங்காயைக் கடித்த முகம். நெற்றி, மூக்கு, மீசை எல்லாம் நடுவில் வந்து சேர்ந்துவிட்டன. தொப்பிக்காரர்கள் சிரித்தார்கள். போச்சு, டொமினிக்கிடம் இதை எப்படிச் சொல்வேன்? அந்தோனியோ சிரிக்கவில்லை. இன்னொரு கோப்பை ஊற்றினார். அதையும் குடித்தார். மற்றவர்கள் நீட்டிய கோப்பைகளைக் கையால் தள்ளிவிட்டார். ஒருவருக்கும் ஒரு சொட்டுக் கொடுக்காமல் பாட்டில் முழுவதையும் அவரே, அவசரமில்லாமல், குடித்து முடித்தார். அடியில் தங்கிய கசண்டைக்கூட விடவில்லை. அதற்குள் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது.

பிறகு என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். 'தொமெனிகோ' மட்டும் புரிந்தது. நான் ஆட்டினேன். மறுபடி கேட்டார், மெதுவாக. மறுபடி ஆட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தமாய்க் கேட்டால் இத்தாலியன் தமிழாகிவிடும் என்பதுபோல் மூன்றாம் தடவை உரக்கக் கேட்டார். அவ்வளவு ஆசையாய்க் கேட்கிறவரிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள முடியுமா? நன்றாக, இரண்டு பக்கமும் போய்வர, ஆட்டினேன். மரியாதைக்கு "சி, சி" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

லூசியா ஏப்ரனை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்தோனியோ எழுந்து ஜன்னலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். தொப்பிக்காரர்கள் ஒவ்வொருவராய் வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்கள். மீசை குத்தியது.

"என்னங்க சொன்னீங்க அவர்கிட்ட?" என்றாள் கமலா.

"ஒண்ணுமே சொல்லலையே."

அப்படித்தான் நினைத்தேன். அன்று சாயந்திரம் முழுக்க ஊர் என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. சந்தில் போனால் வீட்டுக்கு வீடு கூப்பிட்டுப் பாலாடைக்கட்டி கொடுத்தார்கள். பாதிரியார் கைகுலுக்கினார். மேல்வீட்டிலிருந்து ஒரு பெரிய இரும்புக் கட்டிலை நாலு பேர் இறக்கிக்கொண்டு வந்தார்கள், ஒருவன் அந்தோனியோவின் பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தான். இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு இஞ்சினியர் வந்தால் இந்த ஊர் எப்படித் தாங்குகிறது பார் என்று கமலாவிடம் சொன்னேன். டோரண்டோ ஆபீஸில் என் பெயரை முழுசாய்ச் சொல்லக்கூட ஒருவனுக்கும் பொறுமையில்லை. இங்கே எனக்குக் கட்டில் இறங்குகிறது. இன்னும் இரண்டு நாள் இருந்தால் சிலை வைத்துவிடுவார்கள் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கீழே சந்தை ஊரில் வேலை செய்யும் ஜினோ என்பவன் பூசைக்கு மேலே வந்தான். டோரண்டோவில் சுரங்க ரயிலுக்கு மண் தோண்டிவிட்டுத் திரும்பியவன், ஆங்கிலம் தெரியும். அந்த ஆங்கிலத்தில் பாதியை இங்கே அச்சில் போட முடியாது. என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"பெரிய காரியம் பண்ணிட்டே. அறுவடைக்கு தொமெனிகோ வர்றானாமே!"

"யார் சொன்னது?"

"நீதான்."

"நானா? நான் வாயையே திறக்கலையே."

அவன் சதுக்கத்தின் நடுவில் நின்று, கழுத்தை வளைத்து, என் தலையாட்டலை அப்படியே செய்துகாட்டினான். தொப்பிக்காரர்கள் கைதட்டினார்கள். "தன் தம்பி அறுவடைக்கு வருவானான்னு அந்தோனியோ கேட்டான். நீ இப்படிச் சொன்னே, 'சி, சி'ன்னு வேற. மூணு தடவை."

கட்டில் எனக்கில்லை. சுண்ணாம்பு எனக்கில்லை. முத்தம் எதுவும் எனக்கில்லை. வர மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரை நான் கழுத்தாலேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். டோரண்டோவில் அவர் வீட்டு மாடியில்தான் என் சட்டி பானை எல்லாம் இருக்கிறது.

"தப்பு நடந்துபோச்சுன்னு நீயே அவர்கிட்டச் சொல்லிடு," என்றேன்.

"நான் இந்த ஊர்லே இருக்க வேண்டியவன். நீ சொல்லு," என்றான் ஜினோ. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அவனுக்குக் கண்ணு போகுது, தெரியுமில்ல? ஒண்ணு போயிடுச்சு. இன்னொண்ணும் ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டான். இல்லேன்னா அவன் வாயைத் திறந்து கேட்பானா? அப்பன் சாவுக்குக்கூடக் கேட்காத ஆளு."

பாட்டிலைக் கண்ணோடு ஒட்டிப் பார்த்தது, குலையைத் தடவியது, வரப்பில் தடுக்கியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து என் கன்னத்தில் அறைந்தன. குடித்திருக்கிறார் என்று நினைத்தேனே, பாவி.

சொல்லிவிடுவது என்று தீர்மானித்து வீட்டுக்குப் போனேன். ஜினோவையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பின்னறையில் அந்தோனியோ கட்டில் காலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என் காலடியைக் கேட்டுத் திரும்பி, கையைப் பற்றி ஜன்னலருகே கூட்டிப் போனார். கட்டிலை அங்கே போட்டிருந்தார்கள். ஏதோ சொன்னார். ஜினோ தரையைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தான். "சின்ன வயசுலே இந்த ஜன்னலோரம் படுக்கிறதுக்கு ரெண்டு பேரும் அடிச்சுக்குவோம். இப்ப அவனே படுத்துக்கட்டும். எனக்கு ஜன்னல் எதுக்கு?"

சொல்ல வாய் வரவில்லை. பம்பில் ஒரு நூல் பிசகு இருந்தாலும் தயங்காமல் சொல்லுகிற எனக்கு வரவில்லை. கிளம்பும்போது அந்தோனியோ டொமினிக்கின் பாட்டிலைக் கழுவி, அதில் தன் ஒயினை நிரப்பித் தக்கை அடித்துக் கொடுத்தார். லூசியா கமலாவிடமிருந்து மிச்சப் பருப்புப்பொடி முழுவதையும் வாங்கி வைத்துக்கொண்டாள். இறங்கும்போது பஸ் கொதிக்கவில்லை. கொதித்திருந்தால் அக்கா வீட்டில் இன்னும் கொஞ்சநேரம் உட்கார்ந்திருப்பேன்.

டோரண்டோ விமான நிலையத்துக்கு எங்களை அழைத்துப் போக வந்தவர் என் ஆபீஸ் நண்பர் சிவலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்கார்பரோவில் இருக்கிறார். காரில் முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"ஐசே, உமக்கு விசரே? அந்த மனிசன் கேட்டது என்னவெண்டு தெரியாமல் ஆர் உம்மைத் தலையை ஆட்டச் சொன்னது? உவர் டொமினிக் இண்டைக்கே உம்மை வீட்டை விட்டுக் கலைக்கப்போறார். எங்கட வோபர்ன் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட் காலியாக் கிடக்கு. சொல்லி வைக்கட்டே?"

"அதெல்லாம் அப்புறம். வீடு வரைக்கும் வந்து அவர்கிட்டக் கொஞ்சம் நீங்களும் பேசுறீங்களா?"

சிவலிங்கம் சாலையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். வருகிறேன் என்கிறாரா, ஆளை விடு என்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டு வாசலில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, "அப்ப நான் வாறன்" என்று போனபோதுதான் தெரிந்தது. நம் தலையாட்டலின் அடி எதிரே இருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் நானே வாங்கிப் பார்த்தேன்.

டொமினிக் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். பெட்டியைப் பார்க்கவில்லை, கமலாவை நலம் விசாரிக்கவில்லை.

"மூஞ்சி எப்படி இருந்தது?"

பிஞ்சுப் புளியங்காய் முகத்தைச் செய்து காட்டினேன். அவர் தொடையில் அறைந்துகொண்டு சிரித்தார். "பொறாமை! பொறாமையிலே அப்படித்தான் போகும்!" ஒருவருக்கும் கொடுக்காமல் முழுப் பாட்டிலையும் அண்ணனே குடித்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "கசண்டையுமா?" என்றார். "கசண்டையும்தான்," என்றேன்.

பிறகு மிச்சத்தையும் சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. "நான் வர்றேன்னு சொல்ல நீ யாரு? உன்னை மூஞ்சிதானே பார்த்துட்டு வரச் சொன்னேன்! என் சத்தியத்தை உடைக்க உனக்கு என்ன உரிமை?" தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வோபர்ன் அபார்ட்மெண்ட் என் கண்முன் வந்து நின்றது.

"நான் சொல்லலை. அவர்தான் கேட்டார்," என்றேன்.

"அவனா கேட்டான்?"

"அவர்தான். நீங்க வருவீங்களான்னு."

"தன் வாயால?"

"மூணு தடவை. என் கையைப் பிடிச்சுக்கிட்டு."

டொமினிக் மறுபடி படியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைப் பற்றிச் சொன்னேன், ஜன்னலோரக் கட்டிலைப் பற்றிச் சொன்னேன். பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். தன் பாட்டில்தான் என்று கையிலே வாங்கியதுமே தெரிந்துவிட்டது, உள்ளே இருப்பது யாருடையது என்பதும் தெரிந்துவிட்டது. திறக்கவில்லை. எழுந்து வீட்டுக்குள் போனார். உள்ளே ரோசாவின் குரல் உயர்ந்தது, பிறகு அழுகையாகிவிட்டது. எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு வெட்கமாய் இருந்ததில்லை. மாடியேறிப் போய்ப் பெட்டியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். திறந்தால் மறுபடி கட்ட வேண்டியிருக்குமே.

கொஞ்ச நேரத்தில் கொல்லையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. கமலா ஜன்னலுக்கு ஓடினாள். "என்னங்க, குழி வெட்டறாரு. நவம்பர்லதானே புதைப்பாங்க? இப்ப செப்டம்பர்தானே?"

கீழே இறங்கிப் போனேன். அத்திமரம் காயும் இலையுமாய் நின்றது. அதற்கு ஒரு கை தள்ளி டொமினிக் நீளமாய்க் கோடு கிழித்து வெட்டிக்கொண்டிருந்தார். ரோசா கொட்டகையிலிருந்து கோணியையும் பலகைகளையும் ஒவ்வொன்றாய் எடுத்து வந்து சுவரில் சாத்தினாள். கண் சிவந்திருந்தது, ஆனால் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். சுத்தமான இத்தாலியத் தலையசைப்பு, மேலும் கீழும், சந்தேகத்துக்கு இடமேயில்லை.

"குழி நான் வெட்டி வச்சுட்டுப் போறேன்," என்றார் டொமினிக், நிமிராமல். "மண்ணு உறைஞ்சுட்டா உன்னால முடியாது. இலை எல்லாம் கொட்டினதும் இந்தப் பக்கத்து வேரை மட்டும் அறுத்து விடு. மெதுவாச் சாய்க்கணும். கோணியைச் சுத்து, அப்புறம் பலகை, அப்புறம் மண்ணு. அவசரப்பட்டா ஒடிஞ்சிடும். இது அண்ணன் தோட்டத்து மரத்திலேருந்து நான் கிளம்புறப்போ ஒடிச்சுக்கிட்டு வந்த குச்சி. அவனுக்குத் தெரியாது. வந்து தோண்டுறப்போ இது உயிரோட இருக்கணும். செய்வியா?"

நான் தலையை ஆட்டினேன்.

மண்வெட்டியைக் குழியில் ஊன்றிவிட்டு நிமிர்ந்து என்னை முறைத்தார். மொந்தேகூபோவில் கதவைத் திறந்த அதே முறைப்பு.

"கழுத்தை நிறுத்து," என்றார். "வாயைத் திறந்து சொல்லு."

"செய்யறேன்," என்றேன்.